சூடு வந்தால் போதுமா, வயரிங்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டைச் சூடாக்க எது நல்லது, பாய்லரா ஹீட் பம்ப்பா, எத்தனை கிலோவாட் வேண்டும், டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் பத்திரிகைகளில் நிறையவே வருகிறது, விளம்பரங்களைக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரை யார் இழுத்தார்கள், யார் சோதித்தார்கள் என்பதைப் பற்றி ஒரு பத்திகூட என் கண்ணில் பட்டதில்லை. எங்கள் வீட்டில் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, தலைவலி முழுக்க வயரில்தான் வந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், டெஸ்ட் ரிப்போர்ட் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வைத்தது ஒரு ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி. வெளியே ஒரு யூனிட், உள்ளே வெந்நீர் டேங்க், குளிர் கடுமையாகும்போது கைகொடுக்க 6 கிலோவாட் துணை ஹீட்டர், சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். பொருத்த வந்தவர்கள் சுவிட்சைப் போட்டார்கள், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சூடானது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது, "எல்லாம் ஓகே" என்று சொல்லி வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் "ஓ, அந்தக் கம்பெனியா, நாம் வேறு ஆளிடம்தானே கொடுத்திருக்கிறோம்" என்று படிப்பவர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

ஒரு ஹீட்டர் சூடாவதற்கு மிக மோசமான வயரிங்கே போதும். இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டாரோ கம்ப்யூட்டரோ கொஞ்சம் தவறாக இணைத்தால் முரண்டு பிடிக்கும், ஹீட்டிங் காயில் அப்படியில்லை, அது ஒரு மின்தடை, அவ்வளவுதான். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் சூடாகும், எர்த் வயரே இல்லாவிட்டாலும் சூடாகும், ஸ்க்ரூ பாதி இறுகியிருந்தாலும் சூடாகும். ஆக "சூடு வருதே, அப்புறம் என்ன" என்று கேட்பவர் எதையும் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்களுக்கு முதலில் தெரிந்தது பிரேக்கர் டிரிப் ஆனது. துணை ஹீட்டருக்கென்று போட்டிருந்த 32 ஆம்பியர் பிரேக்கர், ஹீட்டர் வெகுநேரம் ஓடினால் விழுந்துவிடும், கொஞ்சம் ஆறவிட்டுத் தூக்கினால் நிற்கும். 6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 26 ஆம்பியர், 32 ஆம்பியர் பிரேக்கர் விழவே கூடாது. கம்பெனிக்குச் சொன்னோம், ஒருவர் வந்தார், மூடியைத் திறந்தார், "பிரேக்கர் பத்தல" என்று சொல்லி 40 ஆம்பியர் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு டிரிப் ஆகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. மீன் வாடை மாதிரி. சமையலறையில் தேடினோம், குப்பைக்கூடையில் தேடினோம். கடைசியில் போர்டு பக்கம் போனால்தான் வாடை கூடுதலாக இருந்தது. சில வகை பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் இப்படித்தான் நாறும், எரியும் நாற்றம் வருவதற்கு முன்பே இது வந்துவிடும், படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். பிரேக்கரின் நியூட்ரல் டெர்மினலில் ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்று சுற்றிய பிறகுதான் இறுகியது. வயரின் மேலுறை பழுப்பாகிக் கெட்டியாகியிருந்தது, உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. பல இழை வயரின் முனையில் போடவேண்டிய சிறு குழல் லக் போடாமல் அப்படியே முறுக்கித் திணித்திருந்தார்கள், அதில் இரண்டு மூன்று இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பிரேக்கருக்குள் ஓவர்லோடைக் கவனிப்பது ஒரு ஈருலோகப் பட்டை, அது சூடானால் வளைந்து பிரேக்கரை விழவைக்கும். லூசான டெர்மினல் பக்கத்திலேயே கொதித்ததால் அந்தச் சூடு உள்ளே ஏறி, கரண்ட் அளவோடு இருந்தும் பிரேக்கர் விழுந்தது. அதாவது அது சரியாகத்தான் எச்சரித்தது. வந்தவர் அந்த எச்சரிக்கையைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, கறுத்துப்போன முனையை வெட்டி எறியாமல் அப்படியே புதுப் பிரேக்கரில் செருகி, எச்சரிப்பதற்கு வாய்ப்பில்லாத பெரிய பிரேக்கராகப் பார்த்துப் போட்டுவிட்டார். கறுத்த செம்பு என்றால் ஆக்ஸைடு, அதன்மேல் எவ்வளவு இறுக்கினாலும் நல்ல தொடர்பு கிடைக்காது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. லூஸ் கனெக்‌ஷனின் தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 17 வாட் வெப்பம். 26 ஆம்பியர் ஓடினால் 68 வாட். சால்டரிங் அயர்னைப் போர்டுக்குள் செருகி மணிக்கணக்கில் ஆன் செய்து வைத்த மாதிரி. சாதாரண பி.வி.சி. வயரின் செம்பு 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் போனால் உறை இளகி, காய்ந்து, வெடித்துவிடும். இத்தனைக்கும் அந்த இணைப்பில் வீணாகும் வோல்ட்டேஜ் 2.6 தான், ஹீட்டரில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டே இருக்கும்.

விளக்கும் டிவியும் இப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் அவை இழுக்கும் கரண்ட் கொஞ்சம். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஏறக்குறைய முழு லோடில் பல மணி நேரம் விடாமல் ஓடும். வேறு லைனில் இருபது வருடம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு அரைகுறை ஜாயின்ட் இங்கே ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது.

"பிரேக்கர்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது. லூஸ் கனெக்‌ஷனில் கரண்ட் கூடுவதில்லை, சொல்லப்போனால் ஒரு துளி குறையும். ஓவர்லோடு பார்க்கும் பிரேக்கருக்கு அது தெரியாது. எர்த்துக்குக் கசிவும் இல்லை என்பதால் லீக்கேஜ் பிரேக்கருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் விழுந்தது லூசான இடம் பிரேக்கரின் மீதே இருந்த அதிர்ஷ்டத்தால்தான், அதே லூஸ் டேங்க் பக்கம் உள்ள பெட்டியில் இருந்திருந்தால் அந்த அடையாளமும் கிடைத்திருக்காது.

பிரேக்கரைப் பெரிதாக்கியதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது எல்லா இடத்திலும் நடக்கிற காரியம் என்பதால். பிரேக்கர் காப்பாற்றுவது ஹீட்டரை இல்லை, வயரை. வயரின் தடிமனுக்கும் அது போகும் வழிக்கும் ஏற்பத்தான் பிரேக்கர். அதுவும் 40 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 41-இல் விழுந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. வீடுகளில் போடும் பிரேக்கருக்கான சர்வதேசத் தரப்படி, எழுதியிருக்கும் அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 40 ஆம்பியர் பிரேக்கர் 58 ஆம்பியரைக்கூடச் சில நேரம் அனுமதிக்கும் என்று இதற்குப் பொருள். எங்கள் வீட்டில் போட்டிருந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர், ஹீட்டர் தயாரித்தவர்களின் கையேட்டில் கேட்டிருந்தது 6. போதாக்குறைக்கு அந்த வயர் குளிருக்காகப் பஞ்சு அடைத்த சுவருக்குள் போகிறது. வெப்பக்காப்பு நாலாபக்கமும் சூழ்ந்த வயர் தன் சூட்டை வெளியே விட முடியாது, அரை மீட்டருக்கு மேல் அப்படிப் போனால் அதன் தாங்கும் திறனைப் பாதி என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். வீட்டைக் கதகதப்பாக வைக்கும் அதே பஞ்சு வயரையும் கதகதப்பாக வைக்கும் என்பது வயர் இழுத்தவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது இரண்டாவது கோளாறுதான். அதில் வாடை இல்லை, டிரிப் இல்லை, சத்தம் இல்லை. வீடு கதகதவென்று இருந்தது. கரண்ட் பில் மட்டும் சொன்னதற்கும் வந்ததற்கும் சம்பந்தமில்லாமல் இருந்தது.

ஹீட் பம்ப் வாங்குவதே ஒரு காரணத்துக்காகத்தான். அது வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே கொண்டுவருவதால், வெளிக்குளிரைப் பொறுத்து, ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். துணை ஹீட்டர் வெறும் காயில், ஒன்றுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு நாளைக்கு 30 யூனிட் வெப்பம் வேண்டும் என்றால் ஹீட் பம்ப்புக்கு 10 யூனிட் போதும், காயிலுக்கு முழுசாக 30 வேண்டும். அதனால்தான் துணை ஹீட்டரைக் கன்ட்ரோல் போர்டு தேவைப்பட்டால் மட்டும் ஒரு கான்டாக்டர், அதாவது காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச், வழியாகப் போட்டு அணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கான்டாக்டரை இயக்கும் காந்தக் காயிலுக்கு வரவேண்டிய வயரைக் கன்ட்ரோல் போர்டிலிருந்து எடுக்காமல் எப்போதும் கரண்ட் இருக்கும் டெர்மினலிலிருந்து எடுத்திருந்தார்கள். கான்டாக்டர் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருந்தது. துணை ஹீட்டர் தன் சொந்தத் தெர்மோஸ்டாட் நிறுத்தும் வரை ஓடும், தண்ணீர் ஏற்கனவே சூடாக இருப்பதைப் பார்த்து ஹீட் பம்ப் சும்மா இருக்கும். வெளியே அவ்வளவு பெரிய யூனிட் அலங்காரத்துக்கு நின்றது.

இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டியதில்லை. பேனலில் நாங்கள் வைத்தது 48 டிகிரி, டேங்க் காட்டியது 60. வைத்ததைவிடத் தண்ணீர் சூடாக இருந்தால் வேறு யாரோ சூடாக்குகிறார்கள். பல ஹீட் பம்ப்களின் மெனுவில் கம்ப்ரஸர் எத்தனை மணி நேரம் ஓடியது, துணை ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தனித்தனியாக இருக்கும், முதலாவது கம்மியாகவும் பில் அதிகமாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். இன்னும் எளிய வழி, அவ்வளவு குளிரில்லாத ஒரு நாளில் துணை ஹீட்டரின் பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்ப்பது. மீட்டரின் ஓட்டம் சடாரென்று குறைந்து, வீடு அப்போதும் கதகதப்பாகவே இருந்தால், அந்த நாளில் அந்த ஹீட்டருக்கு வேலையே இல்லை. இதைச் சொன்னபோது கம்பெனியின் போன்காரர், "புதுசுதானே, செட் ஆக டைம் எடுக்கும்" என்றார். வயர் தானாக வேறு டெர்மினலுக்கு மாறி செட் ஆகுமா என்று கேட்டேன், மேனேஜருக்கு மாற்றுகிறேன் என்றார்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கான்டாக்டர் லைனைத் தேடும்போதுதான் எலக்ட்ரீஷியன் அமைதியாக ஒன்றைக் காட்டினார். டேங்கில் சாதாரணத் தெர்மோஸ்டாட்டுக்கு மேல் இன்னொரு பாதுகாப்புக் கட்-அவுட் இருக்கும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் நிற்காமல் ஓடினால், தண்ணீர் கொதிக்கும் முன் கரண்டை வெட்டிவிட்டு, ஒருவர் வந்து கையால் ரீசெட் செய்யும்வரை விடாது. அது எங்கள் லைனில் சேர்க்கப்படவே இல்லை, அதன் இரண்டு டெர்மினலும் காலியாகக் கிடந்தன. மூடிய, அழுத்தத்தோடு இருக்கும் டேங்கில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை. அதைத் தடுக்க அழுத்த வால்வு இருக்கிறது, உண்மைதான், ஆனால் ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும் என்றுதான் இரண்டையும் வைக்கிறார்கள். அன்றைக்கே டேங்கின் ஹீட்டரை முழுசாக அணைத்து, பிரேக்கரின் மேல் தாள் ஒட்டி வைத்தோம்.

மற்றவை சின்னச் சின்னது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளி யூனிட்டுக்குப் போகும் வயரைத் தகரத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் நுழைத்திருந்தார்கள், கம்ப்ரஸர் அதிர அதிர விளிம்பு உறையை அறுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஐசொலேட்டர் பெட்டிக்கு, அதாவது வெளி யூனிட்டின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் பெட்டிக்கு, வயர் மேலிருந்து நுழைந்ததால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போக வழி இருந்தது, கீழிருந்து ஒரு வளைவு விட்டு ஏற்றினால் இந்தப் பிரச்சினையே இல்லை. சென்சார் வயரையும் பவர் வயரையும் ஒரே டேகில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், சென்சாரின் அளவு குதிக்கும், அப்புறம் சென்சாரே கெட்டுவிட்டது என்பார்கள். தெர்மோஸ்டாட்டில் மட்டும் தப்பித்தோம். சில கன்ட்ரோல் போர்டுகளின் தெர்மோஸ்டாட் டெர்மினல் மின்னழுத்தம் இல்லாத வெறும் சுவிட்ச் தொடர்பை எதிர்பார்க்கும், அதில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் போர்டு அந்த நொடியே போய்விடும், வாரண்டியும் கூடவே போய்விடும். வரைபடத்தைப் பார்க்காமல் பழக்கத்தில் இணைப்பவர்கள் செய்யும் காரியம் இது.

இனி யார் பொறுப்பு என்ற கதைக்கு வருவோம், இதுதான் அலுப்பூட்டுவது. விற்ற கம்பெனி, ஹீட் பம்ப்பைப் பொருத்தியது நாங்கள், கரண்ட் வேலை துணை ஒப்பந்தக்காரருடையது என்றது. துணை ஒப்பந்தக்காரரான அந்த எலக்ட்ரீஷியன், எனக்குச் சொன்னது லைன் இழுத்துக் கொடுக்க மட்டும், பெட்டிக்குள் கைவைத்தது குழாய் வேலை செய்தவர் என்றார். குழாய்க்காரர், படத்தில் இருந்தபடிதான் மாட்டினேன் என்றார். தயாரிப்பாளர், எங்கள் பெட்டியில் குறை இல்லை, பொருத்தியவரிடம் பேசுங்கள் என்றார். நால்வர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சுவரோடு ஒருவர் வேலை முடிகிறது, பெட்டியோடு இன்னொருவர் வேலை முடிகிறது, நடுவில் இருக்கும் அந்த ஒரு அடி வயருக்கு ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அகப்பட்ட கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு அடியில்தான். என் கருத்தில், பணம் வாங்கியவர்தான் பொறுப்பு. துணை ஒப்பந்தக்காரரைக் கொண்டுவந்தது அவர், நாம் அல்ல. ஒப்பந்தம் போடும்போதே மின்வேலை உட்பட மொத்தமும் உங்கள் பொறுப்பு, மின்சோதனையும் அதில் அடக்கம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். வாடை, சுடும் பிளேட், கறுத்த சுவிட்ச், சர் சர் என்ற சத்தம், எதைத் தொட்டாலும் சுள்ளென்று ஷாக், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் அந்த லைனை அணைத்துவிடுங்கள், குளிருக்குப் போர்வை போர்த்திக்கொள்ளலாம். லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். விழுவதற்குக் காரணம் சில நேரம் அற்பமாகவும் இருக்கும், உதாரணமாக ஹீட்டர் காயிலின் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் குடோனில் கிடந்தபோது ஈரம் உறிஞ்சியிருக்கலாம், காய்ந்தால் சரியாகிவிடும். ஆனால் அதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஊகத்தில் பிரேக்கரைக் கழற்றுவது கொலைக்குச் சமம்.

அணைத்த பிறகு, எதையும் தொடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். மூடியைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை, நீங்கள் பக்கத்தில் நின்று எடுங்கள். பிரேக்கரில் எழுதியிருக்கும் எண், வயரின் மேல் அச்சடித்திருக்கும் அளவு, கறுத்த இடம், எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். மீட்டர் அளவு, பேனலில் ஓடிய மணிக்கணக்கு, இவற்றையும் தேதியோடு எடுத்துவையுங்கள். கம்பெனி ஆள் வந்து இரண்டு ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுப் போனால் அப்புறம் நடந்ததற்குச் சாட்சி கிடையாது, நாம் வீண் புகார் செய்கிறவர்கள் ஆகிவிடுவோம். மாற்றிய பிரேக்கரையும் கருகிய வயர்த் துண்டையும் அவர்கள் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள், அது உங்கள் பொருள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். போனில் பேசினால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் முதலிலிருந்து கேட்பார். எழுதும்போது "வேலை சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "கையேட்டில் 6 சதுர மில்லிமீட்டர் கேட்டிருக்கிறது, போட்டிருப்பது 4, எப்போது மாற்றுகிறீர்கள்" என்று எழுதிப் பாருங்கள், பேசும் தொனியே மாறிவிடும். அந்தக் கையேட்டை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது அவர்கள் கடமை, கொடுக்கவில்லை என்றால் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். தாங்களே சரிசெய்ய அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுப்பது நியாயம், பின்னால் வழக்கு என்று வந்தாலும் அதுதான் நல்லது. சரிசெய்த பிறகு பார்க்க வேண்டியவர் மட்டும் அவர்களுடைய ஆளாக இருக்கக் கூடாது.

டெஸ்ட் ரிப்போர்ட் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். புது லைன் போட்டால் கரண்ட் கொடுப்பதற்கு முன் சில அளவுகள் எடுத்து எழுதித் தர வேண்டும், கண்ணால் பார்த்து டிக் அடிப்பது சோதனை ஆகாது. எர்த் வயர் போர்டிலிருந்து ஹீட்டரின் உடம்பு வரை அறுபடாமல் போகிறதா என்று ஓம் கணக்கில் ஓர் அளவு. வயர்களுக்கிடையே, வயருக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் எப்படி என்று மெகர் என்ற அளவுக் கருவியை வைத்து 500 வோல்ட் கொடுத்து ஓர் அளவு, சாதாரண வீட்டு லைனில் அது குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும், புது வயரில் அதைவிடப் பல மடங்கு வரும், 1-க்குப் பக்கத்தில் வந்தாலே எங்கோ ஏதோ நசுங்கியிருக்கிறது. ஃபேஸ் எர்த்தைத் தொட்டால் பிரேக்கரைப் பட்டென்று விழவைக்கும் அளவு கரண்ட் பாயுமா என்று ஓர் அளவு. கடைசியாக, 30 மில்லிஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கர் எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறது என்று ஓர் அளவு, சாதாரண வகை என்றால் 30 மில்லிஆம்பியரில் 300-க்குள்ளும் அதைப் போல ஐந்து மடங்கில் 40-க்குள்ளும் விழ வேண்டும். அதன் மேலிருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டுவது இதற்குப் பதிலாகாது, பட்டன் விழவைக்கும், நேரத்தைச் சொல்லாது. கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் உள்ளே இருக்கும் ஹீட் பம்ப்புக்கு எந்த வகை லீக்கேஜ் பிரேக்கர் என்பதையும் கையேட்டில் பாருங்கள், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் பார்க்கும் பழைய ஏ.சி. வகை இருந்தால் நேர்மின்னோட்டம் கலந்த கசிவு அதன் கண்ணில் படாது. தரைக்கடியில் ஹீட்டிங் கேபிள் போடுகிறவர்கள் காங்கிரீட் ஊற்றும் முன்பும் ஊற்றிய பின்பும் அளவு எடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த அளவுகளோடு இருக்கும் ஒரு தாள் எங்கள் வீட்டில் முதலிலேயே வந்திருந்தால், ஒருவர் மூடியைத் திறந்து ஒவ்வொரு டெர்மினலையும் தொட்டிருப்பார், லூஸ் ஸ்க்ரூ அப்போதே கையில் ஆடியிருக்கும். முழு லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தெர்மல் கேமராவில் ஒரு படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது, லூசான இடம் தனியாகப் பளிச்சென்று தெரியும்.

சொந்தக்காரப் பையன் ஒருவன் டெஸ்டரோடு வருவான், "இதெல்லாம் ஒரு விஷயமா" என்பான். டெஸ்டர் எரிகிறது என்றால் அங்கே கரண்ட் இருக்கிறது, அவ்வளவுதான் அது சொல்லும். பையன் நல்ல பையனாகவே இருக்கலாம், ஆனால் அவன் கைவைத்த பிறகு கம்பெனி வாரண்டி கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. ஹீட்டர், ஹீட் பம்ப் பற்றி அடுத்த முறை சிறப்புப் பக்கம் போடும்போது மாடல்களை ஒப்பிடும் அட்டவணைக்குப் பக்கத்தில், பொருத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியதையும் கொஞ்சம் போடுங்கள். மின்வேலை யார் செய்கிறார், அவரிடம் உரிமம் இருக்கிறதா, அளவுகளை எழுதித் தருவாரா, இந்த மூன்று கேள்விக்கு அரைப் பத்தி இடம் போதும். விளம்பரம் கொடுப்பவர்கள் முகம் சுளிக்கலாம், நல்ல வேலை செய்கிறவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எங்கள் விஷயம் எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். எலக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த அறிக்கையையும் படங்களையும் அனுப்பிய பிறகு கம்பெனி இறங்கிவந்தது. 6 சதுர மில்லிமீட்டரில் புது வயர் பஞ்சுக்கு வெளியே சுவர்மேல் போட்டுவிட்டார்கள், பிரேக்கர் திரும்ப 32 ஆகிவிட்டது, கட்-அவுட் லைனில் சேர்ந்துவிட்டது, துணை ஹீட்டர் இப்போது கன்ட்ரோல் போர்டு சொல்வதைக் கேட்கிறது. டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஒருவழியாக வந்தது, ஆனால் லீக்கேஜ் பிரேக்கர் விழும் நேரம் என்ற கட்டத்தில் அளவு இல்லாமல் "ஓகே" என்று எழுதியிருந்தார்கள். திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஒப்பந்தப்படி கடைசித் தவணை ரிப்போர்ட் முழுதாக வந்த பிறகுதான், அதனால் அது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்